லயனல் வாரிங்கின் வசனத் தாள்கள்

"ஓர்ஃபா, உனக்கு என்னைக்காவது மேடை ஏறணும்னு தோணியிருக்கா?" என்று எங்கள் குழுவின் கதாநாயக நடிகர் லயனல் வாரிங் ஒரு நாள் என்னைக் கேட்டார். ஒத்திகை இடைவேளை அது. ஆப்பிள் ஒன்றைப் பேனாக்கத்தியால் சீவித் தின்றுகொண்டிருந்தார். இல்லை என்று தலையாட்டினேன். அது உண்மைதான். அவர் என் தலை ஆடியதைப் பார்க்கவில்லை. ஆப்பிளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அமெரிக்காவின் ஈரி நகரத்துக்காரி. அப்பா ஏரிக்கரையில் மீன் பதனிடும் கிடங்கில் வேலை பார்த்தார். பதின்மூன்று வயதில் நான் பள்ளியை விட்டேன். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோது எனக்குக் குரல் வரவில்லை. வரும்வரை நிற்கட்டும் என்றார் ஆசிரியை. மணி அடிக்கும்வரை நின்றேன். மறுநாள் போகவில்லை. ஆனால் என் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். அதனால் பத்தொன்பதாம் வயதில் பெக்கம் நாடகக் குழுவில் வேலை கிடைத்தது.

குழுவில் வாரம் ஒரு நாடகம். மாலையில் இந்த வாரத்து நாடகத்தை நடிப்பார்கள், காலையில் அடுத்த வாரத்துக்கு ஒத்திகை பார்ப்பார்கள். முழு நாடகத்தின் ஒரே ஒரு பிரதி நியூயார்க்கிலிருந்து வாடகைக்கு வரும். அது நடிகர்கள் கைக்குப் போகாது. அவரவர் பேச வேண்டிய வசனமும், ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் எதிராளி பேசி முடிக்கும் கடைசி நான்கு சொற்களும் மட்டும் எழுதிய தாள்கள்தான் அவர்களுக்குக் கிடைக்கும். அந்த நான்கு சொற்கள் காதில் விழுந்ததும் இவர் பேச வேண்டும். மற்றவர்கள் நடுவில் என்ன பேசுகிறார்கள் என்பதை ஒத்திகையில்தான் தெரிந்துகொள்வார்கள். அந்தத் தாள்களை எழுதுவது என் வேலை. நாடகம் நடக்கும்போது மேடையின் இடது மூலையில், திரைக்குப் பின்னால் முழுப் பிரதியோடு உட்கார்ந்து, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுப்பதும் நான்தான். என் குரல் பத்தடிக்கு மேல் போகாது. அந்த வேலைக்குப் பத்தடி போதும்.

வாரம் ஒரு நாடகம் என்றால் எல்லோரும் மறப்பார்கள். மறந்ததும் என் மூலைக்குத் திரும்புவார்கள். கதாநாயகி மிஸ் ஃபேர், வெளியில் என் வணக்கத்துக்குப் பதில் சொல்லாதவர், அந்த நொடியில் என்னைப் பார்க்கும் பார்வையை வேறு எந்த மனித முகத்திலும் நான் கண்டதில்லை. லயனல் வாரிங் மட்டும் திரும்பியதில்லை. இரண்டு வருடம், கோடை விடுமுறை போக எழுபத்தெட்டு நாடகம். ஒரு முறைகூட இல்லை.

1911 நவம்பரில் ஒரு காலை, பனி கொட்டியதில் மற்றவர்கள் வந்து சேரத் தாமதமானது. நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவர் தானாகவே பேச ஆரம்பித்தார்.

"எங்கப்பாவும் நடிகர்தான், தெரியுமா? நாப்பது வயசுல மேடையில கதாநாயகியோட பேர மறந்தார். எல்லாரும் சிரிச்சாங்க. அடுத்த வருஷம் என் பேர மறந்தார். யாரும் சிரிக்கல."

நான் மையைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு முப்பத்தஞ்சு ஆகுது. தெனம் காலையில கண்ணு முழிச்சதும் நேத்து பேசின வசனத்த மனசுக்குள்ள ஒரு ஓட்டம் ஓட்டிப் பாப்பேன். வந்துட்டா எந்திரிச்சு சவரம் பண்ணுவேன். வரலேன்னா என்ன பண்றதுன்னு இன்னும் யோசிக்கல." சிரித்தார். "யார்கிட்டயும் சொல்லிடாத. உன்கிட்ட சொன்னா செவுத்துகிட்ட சொன்ன மாதிரி. அதான் சொன்னேன்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். நானும் யாரிடமும் சொல்லவில்லை.

குழுவில் ஒரு கண்டிப்பு உண்டு. ஒத்திகையின் இரண்டாம் நாளிலிருந்து யாரும் கையில் தாளோடு மேடை ஏறக் கூடாது. படியேறும் முன் தாள்களை என் மேசையில் வைத்துவிட வேண்டும். டிசம்பரில் ஒரு நாடகத்துக்கு லயனலின் தாள்களை இரண்டு பிரதி எழுதினேன். ஒன்று சரியானது. மற்றதில் ஒரே ஒரு இடத்தில் எதிராளியின் நான்கு சொற்களை மாற்றியிருந்தேன். மாற்றியதை அவரிடம் கொடுத்தேன். மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். தாள்களை என் மேசையில் வைத்தார், மேடை ஏறினார். நான் மாற்றி வைத்தேன். அவ்வளவுதான். செய்த காரியம் என்று பார்த்தால் ஒரு கட்டுத் தாளை எடுத்து, இன்னொரு கட்டை வைத்தது மட்டுமே.

அந்த இடம் வந்தது. மிஸ் ஃபேர் பேசி முடித்துவிட்டுக் காத்திருந்தார். லயனலும் காத்திருந்தார்.

"என்ன வாரிங், தூங்கிட்டியா?" என்றார் மேடை மேலாளர் டூஹி. "அந்தம்மா காதலச் சொல்லிட்டு நிக்கிறா. ஆமான்னு சொல்லு, இல்ல மாட்டேன்னு சொல்லு. தபால்ல பதில் போடுவியா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"அவங்க இன்னும் முடிக்கலயே. என் தாள்ல 'இந்த வீட்டை விட்டுப் போகிறேன்'னு இருக்கு."

"எங்க, பாத்துச் சொல்லு."

இறங்கி வந்தார். என் மேசையில் தாளைப் பார்த்தார். புரட்டினார், திரும்பவும் பார்த்தார். மிஸ் ஃபேர் பேசியது அப்படியே அங்கே இருந்தது. "மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போனார். படியில் கால் வைக்கும்போது அவர் என் பக்கம் திரும்பினார். இரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

எல்லா வாரமும் செய்யவில்லை. மறதி நாட்காட்டி பார்த்து வராது. ஒரு வாரம் செய்தேன், இரண்டு வாரம் விட்டேன். சில வாரம் அந்த நான்கு சொற்களைத் தொடாமல் ஒரு பெயரை மாற்றினேன். நாடகத்தில் வரும் அண்ணன் பெயரை வால்டர் என்று எல்லோரும் சொல்ல, அவர் மட்டும் வில்லியம் என்றார். "ராவோட ராவா ஒரு புது அண்ணன் பொறந்துட்டான் போல" என்று டூஹி கேலி செய்தார். இந்த முறை லயனல் தாளைப் பார்க்க இறங்கி வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே என்னைப் பார்த்தார். நான் மெதுவாக "வால்டர்" என்றேன். "வால்டர்" என்றார்.

பிப்ரவரிக்குப் பிறகு நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அதை இங்கே எழுதுவது நியாயம். அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் அவருடைய சொந்தத் தடுமாற்றங்கள். மேடை ஏறும் முன் என் மூலைக்கு வந்து, "இருக்கியா, ஓர்ஃபா?" என்பார். இருக்கிறேன் என்பேன். எந்த வரியில் மூச்சு இழுப்பார், எங்கே தயங்குவார் என்று எனக்குத் தெரிந்துபோனது. அவர் பேசியதில் பாதி முதலில் என் வாயிலிருந்து வந்தது. நாங்கள் அவ்வளவு நன்றாக வேலை செய்தோம். கைதட்டல்கூடக் குறையவில்லை.

ஏப்ரலில் நியூயார்க்கிலிருந்து ஒரு தயாரிப்பாளர் புதன்கிழமை மதியக் காட்சிக்கு வருவதாகச் செய்தி வந்தது. லயனலைப் பார்க்கத்தான் வருகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அன்று காலை லயனல் என் மேசைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. கன்னத்தில் இரண்டு இடத்தில் சவரக் காயம்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் என்னைக் காப்பாத்திடு. அந்த மூணாவது அங்கத்து நீள வசனம். ஆரம்பம் மட்டும் குடுத்துடு, மீதிய நான் புடிச்சுக்குவேன். அங்க போயிட்டா ஒரு நாடகம் ஒரு வருஷம் ஓடும், ஓர்ஃபா. ஒரே ஒரு வசனந்தான். அது என் தலையில நிக்கும்."

சரி என்றேன். நான் யோசித்துப் பார்த்தேன். நியூயார்க்கில் வேறு ஒருத்தி மூலையில் உட்கார்ந்திருப்பாள். அவருக்கு எங்கே தடுக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அவருக்கு அது நல்லதில்லை.

மூன்றாவது அங்கம் வந்தது. அவர் நடுமேடையில் நின்றார். மிஸ் ஃபேர் தன் பேச்சை முடித்தார். லயனல் என்னைப் பார்த்தார். நான் பிரதியைக் கையில் பிடித்தபடி, வசனத்தின் முதல் வரியை ஒவ்வொரு சொல்லாக உதட்டை அசைத்துச் சொன்னேன். குரல் மட்டும் விடவில்லை.

அவர் ஒரு அடி என் பக்கம் வந்தார். மறுபடியும் உதட்டை அசைத்தேன், இன்னும் நிதானமாக. அவர் கையைத் தூக்கித் தன் காதைத் தொட்டார். கேட்கிறதா என்று சோதிப்பவர் போல விரல்களைக் காதருகே தேய்த்துப் பார்த்தார். கொட்டகையில் யாரோ இருமினார்கள். பிறகு பின்வரிசையில் சிரிப்பு. மூன்றாவது முறையும் சொன்னேன். அதற்குள் அவர் கண்ணில் இருந்த நம்பிக்கை போய்விட்டது. டூஹி திரையை இறக்கினார்.

"அந்தப் பொண்ணு குடுத்துக்கிட்டேதான் இருந்தா. நானே பாத்தேன்" என்றார் மிஸ் ஃபேர், அழுகையோடு. "எனக்குக்கூடக் கேட்டுச்சு."

அவருக்குக் கேட்டிருக்க முடியாது. ஆனால் அதை அவர் நம்பித்தான் சொன்னார்.

மே மாதம் பரிசோதிக்க மருத்துவர் ஒருவர் வந்தார். எப்போதிலிருந்து இப்படி என்று ஒவ்வொருவரையும் கேட்டார். யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நான் ஒரு நோட்டுப் புத்தகம் எழுதி வந்தேன். தேதி, நாடகத்தின் பெயர், மறந்த வசனம், மறந்து எத்தனை நொடி நின்றார் என்பது வரை எல்லாம் அதில் இருந்தது. அதைக் கொடுத்தேன். "எங்க மருத்துவமனைத் தாதிகளுக்குக்கூட இவ்வளவு பொறுமை கிடையாதும்மா" என்றார். தன் அப்பாவின் நோயைப் பற்றி லயனலே அவரிடம் சொல்லிவிட்டார். ஜூனில் மனநல மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள். அவர் எதிர்க்கவில்லை. நன்றி என்றுகூட என்னிடம் சொன்னார்.

பத்தொன்பது வருடம் ஞாயிறுதோறும் போனேன். நாடகத் தாள்களைக் கொண்டுபோவேன். ஜன்னலோரம் உட்கார்ந்து எதிராளிகளின் வசனங்களை நான் வாசிப்பேன். தன்னுடையதை அவர் பேசுவார், தடுக்கும் இடத்தில் என்னைப் பார்ப்பார். நியூயார்க்கில் யார் எவ்வளவு காசு கொடுத்துச் சீட்டு வாங்கினாலும் கிடைக்காத நாடகம் அது.

1915இல் ஓர் இளம் மருத்துவர் வந்தார். இவருக்கு நோயே இல்லை, பயம்தான் என்று அவருக்குப் பட்டது. பழைய நாடகம் ஒன்றில் இரண்டு பக்கம் படிக்கட்டும், புதன்கிழமை பார்ப்போம், சரியாகச் சொன்னால் வீட்டுக்கு அனுப்பலாம் என்றார். லயனல் மூன்று நாள் சாப்பாட்டு மேசையில்கூடப் படித்தாராம். புதன்கிழமை அவர் சொன்னதை நாடகப் பிரதியோடு வைத்துச் சரிபார்த்த மருத்துவர் தப்பு என்று தலையை ஆட்டிக்கொண்டார். லயனலுக்குத் தாள் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். அந்தப் புதன்கிழமையும் போய், அவர் மருத்துவரோடு இருந்த நேரத்தில் அந்தத் தாளை எடுத்துவிட்டுச் சரியான தாளை அவர் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். அந்த மருத்துவர் அதற்குப் பிறகு பரிசோதிக்கவில்லை. லயனலும் கேட்கவில்லை.

போன ஜனவரியில் நுரையீரல் காய்ச்சலில் இறந்தார். கடைசி ஞாயிறும் நான் இருந்தேன்.

சென்ற வாரம் அவருடைய அக்கா, மிசஸ் கோரா ப்ளிஸ், பஃபலோவிலிருந்து ரயிலேறி என் அறைக்கு வந்தார். ஒரு பழக்கேக் கொண்டுவந்தார்.

"நீங்க இல்லேன்னா என் தம்பி யாருமில்லாம செத்திருப்பான், மிஸ் கெக். சொந்தக்காரங்க நாங்களே வருஷத்துக்கு ஒரு தடவதான் போனோம். நீங்க தெய்வம்."

டீ கொடுத்தேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லுங்க. அவனுக்கு முதமுதல்ல எப்பிடி ஆரம்பிச்சுது? என் மகன் லெலண்டுக்கு இருபத்தாறு வயசு. முதல்ல எங்கப்பா, அப்புறம் லயனல்... அடுத்தது நான்தான்ங்கறான். போன மாசம் சாவிய எங்க வெச்சோம்னு தெரியாம பத்து நிமிஷம் தேடினான். அன்னிக்கே கட்டிக்கப் போற பொண்ணுக்குக் கடுதாசி எழுதிட்டான், கல்யாணம் வேண்டாம்னு. அலமாரியில அவன் துப்பாக்கி இருந்துச்சு. நான் எடுத்து ஏரியில போட்டுட்டேன். இன்னொண்ணு வாங்க எவ்வளவு நேரமாகும்?" கோப்பையை மேசையில் வைத்தார். "அந்த அறிகுறி என்னன்னு தெரிஞ்சா, இவனுக்கு இல்லன்னு காட்டலாம். அதுக்குத்தான் வந்தேன்."

எனக்கு அந்தப் பையன்மேல் இரக்கம் வந்தது. ஒருவருக்கு நல்ல செய்தி சொல்லும் வாய்ப்பு என் வாழ்க்கையில் அதிகம் வந்ததில்லை. "கவலைப்படாதீங்க, மிசஸ் ப்ளிஸ். உங்க தம்பிக்கு எந்த நோயும் இருந்ததில்ல" என்றேன். வெறும் ஆறுதல் என்று நினைத்துவிடக் கூடாதே என்பதற்காக, கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை எடுத்தேன். ஒவ்வொரு நாடகத்துக்கும் இரண்டு கட்டு. மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தச் சொல்லை மாற்றினேன் என்று விரலால் காட்டினேன். மதியக் காட்சியைப் பற்றிச் சொன்னேன், தலையணைத் தாளைப் பற்றியும் சொன்னேன். எதையும் விடவில்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் வாசித்தார். வெகு நேரம் வாசித்தார்.

பிறகு அந்தத் தாள்களை எல்லாம் சேர்த்துத் தன் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். மகனிடம் காட்டத்தான் இருக்கும். அவ்வளவு பெரிய சந்தோஷம் வந்தால் யாருக்கும் பேச்சு எழும்பாது, அதுவும் வயதானவருக்கு. படிக்கட்டின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.