ஏழாம் வளைவில் இறங்கியவள்

— தையல் மிஷின செத்த நேரம் நிறுத்துங்க மதினி. டிவியில பஸ் வர்ற சத்தமே கேக்க மாட்டேங்குது.

— அது பஸ்ஸு சத்தமா தம்பி? மாவு மில்லு ஓடுதுன்னுல்ல நெனச்சேன்.

— தொண்ணூத்தி மூணுல எடுத்த சீரியல் மதினி, பதிமூணு வருஷமாச்சு. டிவியில ஓடுறப்ப நம்ம கேபிள் கிதர் முகம்மது டேப்புல பிடிச்சு வச்சிருந்து, இப்ப சிடியா மாத்திக் குடுத்திருக்கார். பதினோரு வாரமும் முழுசா இருக்கிறது அவர்கிட்ட ஒரு செட்டு, என்கிட்ட ஒரு செட்டு. ‘ஏழாம் வளைவு’ன்னு சொன்னா மெட்ராஸ்ல எந்திரிச்சு நிக்கிறானுக.

— நிக்கட்டும். எனக்கு சாயந்தரத்துக்குள்ள நாலு ஜாக்கெட்டு குடுக்கணும். நான் தச்சுக்கிட்டே பாக்குறேன், நீங்க சொல்லுங்க.

— இது தச்சுக்கிட்டே பாக்குற சீரியல் இல்ல மதினி. அது வேற. மத்தியானம் நீங்க பாக்குறீங்களே, மாமியா முறைக்கிறா, மருமக முறைக்கிறா, ரெண்டு மூஞ்சியையும் மும்மூணு தடவ காட்டுறான். தரம்னு ஒண்ணு இருக்குல்ல.

— மும்மூணு தடவ காட்டுறதாலதேன் தம்பி, நான் குனிஞ்சு கொக்கி வச்சுட்டு நிமிந்தாலும் கத புரியுது.

— இந்தா, வந்துட்டா பாருங்க. சாம்பக் கலர் சேல, கடைசி சீட்டு. யாருகிட்டயும் ஒரு வார்த்த பேச மாட்டா. மலைப் பாதையில ஏழாம் வளைவு வந்ததும் எறங்கிருவா. அங்க வீடு கெடையாது, தோட்டம் கெடையாது. வாராவாரம் எறங்குறா. எங்க போறா, எதுக்குப் போறான்னு கண்டக்டர் மண்டைய ஒடச்சுக்கிறான்.

— மண்டைய ஒடச்சுக்கிறவன் டிக்கெட்டக் குடுக்க மாட்டேங்குறானே! அடிச்ச விசிலும் ஒண்ணுகூட இல்ல. சிறுமல பஸ்ஸுல இம்புட்டு எடம் எங்கிட்டுருந்து வந்துச்சு? வாழத் தாரு எங்க, மிளகு மூட்ட எங்க? எல்லாம் இஸ்திரிப் பொட்டி போட்ட சட்டையோட பொண்ணு பாக்கப் போற மாதிரில்ல உக்காந்திருக்கான்.

— அது ஒரு குறியீடு மதினி.

— எது, பொட்டி போட்ட சட்டையா?

— காலி பஸ்! தனிமைக்குக் குறியீடு. உங்ககிட்டப் போய் சொல்றேன் பாருங்க.

— ஆத்தாடி, ஆந்த வேற கத்துது. உச்சி வெயில்ல ஆந்த. அதுவும் தனிமைக்குத்தானா?

— சிரிங்க. இதுக்கே இப்படின்னா, திங்கக்கிழமையில இருந்து இதையே ஒரு கம்பெனிக்காரன் புதுசா எடுத்து விடப் போறானே, அதுக்கு என்ன சொல்வீங்க? பேப்பர்ல விளம்பரம் பாத்தீங்களா? சாம்பக் கலர் சேலய உருவிட்டுப் பட்டுச்சேல கட்டி விட்டிருக்கான். கழுத்து நெறைய காசுமால. அவ எறங்குற எடத்துல ஒரு புத்து. ‘இந்த முறை முடிவோடு’ன்னு கொட்ட எழுத்துல போட்டிருக்கான், வெக்கங்கெட்டவன். என்ன முடிவு தெரியுமா? அவ பொம்பளயே இல்லையாம், பாம்பாம்.

— பாம்புக்கு எதுக்குத் தம்பி பஸ்ஸு?

— அதத்தான் நானும் கேக்குறேன்! இன்னைக்குத்தான் மதினி உருப்படியா ஒரு கேள்வி கேட்டிருக்கீங்க. இவனுகளுக்குப் பாம்பு வேணும், பேய் வேணும், பழி வாங்கணும். ஐநூறு வாரம் இழுக்கணும். அன்னைக்கு அந்த டைரக்டர் பதிமூணே வாரத்துல சொல்லி முடிக்க நெனச்சார். பாவி, விளம்பரம் குடுத்தவன் பதினொண்ணோட கையக் கழுவிட்டான். மறுவருஷமே டைரக்டரும் போய்ச் சேந்தார். முடிவு என்னன்னு இந்த உலகத்துல ஒருத்தனுக்கும் தெரியாம இருந்துச்சு, நம்ம வீட்டத் தவிர.

— ம்.

— எல்லாம் அண்ணன் புண்ணியம். மாசக் கணக்கா தோல் பதப்படுத்துற ஷாப்புல தண்ணியில நின்ன மனுசன், அவருக்கு இருந்த ரசன எவனுக்கு இருக்கு? ஜங்ஷன்ல டீ குடிக்கிறப்ப பக்கத்துல நிக்கிறவர் டைரக்டர்னு கண்டுபிடிச்சிருக்காரே! நேராப் போய் ‘அவ ஏங்க அங்க எறங்குறா?’ன்னு கேட்டிருக்கார். அவரும் ரயில் வர்றதுக்குள்ள சொல்லிட்டுப் போயிருக்கார்.

— நீங்கதேன் அத புஸ்தகத்துலயே எழுதிட்டீங்களே.

— போன வருஷம் எழுதினேன். அதுக்கப்புறம்தான மெட்ராஸ்ல இருந்து போன் மேல போன். ஒரு பேராசிரியர் சொல்றார், ‘இருதயநாதன், இந்த முடிவு உலகத் தரம்’னு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வச்சிருக்கிறவன்கிட்ட மதினி! நீங்க கட்டுரையப் படிச்சீங்களா?

— எம் மக ஜெஸ்ஸி வாசிச்சுக் காட்டுனா. பாதியில அடுப்புல பால் பொங்கிருச்சு.

— பால் பொங்குச்சாம். கேளுங்க, நான் சொல்றேன். கடைசி வாரம் கண்டக்டரும் அவ கூடவே எறங்குறான். பஸ் போயிருது. ஒரு பாற மட்டும் இருக்கு. அவ அதுல உக்காந்து செருப்பக் கழட்டி வைக்கிறா. ‘உனக்கு வீடு எங்கம்மா?’ங்கிறான். ‘மேல ஊருலதான். பஸ்ல போனா பத்து நிமிஷம், நடந்தா ஒரு மணி நேரம்’ங்கிறா. ‘அப்ப ஏன் இங்க எறங்குற?’ன்னு கேக்குறான். ‘கீழயும் எனக்கு வேல, மேலயும் எனக்கு வேல. இந்த ஒரு மணி நேரம்தான் என்னுது’ங்கிறா. அம்புட்டுதான். எந்திரிச்சு நடக்குறா. முடிஞ்சது. எப்படி? ரோமம் சிலிர்க்கல?

— ம்.

— ‘ம்’மாம். பேயுமில்ல, கொலையுமில்ல. எம்புட்டுப் படிச்சிருந்தா, எம்புட்டு ஊரு சுத்தியிருந்தா இப்படி ஒரு வரி வரும்! சும்மா வீட்டுக்குள்ள உக்காந்திருக்கிற ஆளுக்கு இது வருமா?

— அதுல ஒண்ணு தப்பா இருக்கு தம்பி.

— இருக்கட்டும், மொதல்ல வந்த விஷயத்தப் பேசிருவோம். நாலு மணிக்கு வக்கீல் வரச் சொல்லியிருக்கார். முடிவ மாத்தக் கூடாதுன்னு அந்தக் கம்பெனிக்காரனுக்கு நோட்டீஸ் விடப் போறோம். அண்ணன் இல்ல, அதனால அவர் சம்சாரம் நீங்க எழுதிக் குடுக்கணும்ங்கிறார். நானே அடிச்சுக் கொண்டாந்துட்டேன். ‘என் கணவர் சவரிமுத்து என்பவர், 1993 ஜூலை மாதம், திண்டுக்கல் ரயில் நிலையத்தில் மேற்படி இயக்குநரை நேரில் சந்தித்து...’ அடியில ஒரு கையெழுத்து, அம்புட்டுதான்.

— சத்தியம் பண்ணணுமா?

— பிரமாணப் பத்திரம்னா சத்தியம்தான.

— அப்ப நான் போட மாட்டேன்.

— ஏன் மதினி?

— பொய்ச் சத்தியம் பண்ணிட்டு ஞாயித்துக்கிழம எந்த மொகத்தோட கோயிலுக்குப் போறது?

— எது பொய்யி? உங்களுக்கு இதெல்லாம் புரியாது. புரியலன்னா பரவாயில்ல, நான் சொல்ற எடத்துல லூர்தம்மாள்னு எழுதுங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்.

— ஜூலையில உங்கண்ணன் கட்டில விட்டு எறங்குனாரா தம்பி?

— என்ன?

— ஜெஸ்ஸிக்குப் பள்ளிக்கூடம் தொறந்த வாரம் ஆஸ்பத்திரியில சேத்தோம். ஆகஸ்ட்டு பதினாலு அடக்கம். நடுவுல ஒண்ணுக்குப் போகணும்னாலே நானும் நர்ஸம்மாவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கணும். அந்த மனுசன் ஜங்ஷனுக்குப் போயி டீ குடிச்சாராக்கும்.

— சரி, மாசம் தப்பா விழுந்திருக்கும். ஜூன்னு அடிச்சா போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி பாத்திருப்பார்.

— ஜூன்ல சீரியலு ஓடிக்கிட்டில்ல இருந்துச்சு. ஓடுற கதைக்கு முடிவ எந்தக் கிறுக்கன் தம்பி டீக்கடையில நின்னு சொல்லுவான்? நின்னதே ஜூலையிலதேன். ஆஸ்பத்திரி ஹால்ல ஒரு டிவி கெடந்துச்சு. செவ்வாக்கிழமைன்னா உங்கண்ணன சக்கர நாற்காலியில வச்சுத் தள்ளிட்டுப் போயி முன்னாடி உக்கார வைப்பேன். பன்னெண்டாவது வாரம் போறோம், என்னமோ உரம் போடுறதப் பத்திப் பேசிக்கிட்டிருக்கான். அதுக்கடுத்த வாரமும் உரம்.

— அப்ப எங்கண்ணன் பொய்யரா? அவர் என்கிட்ட என்ன சொன்னார்னு எனக்குத் தெரியாதா? அந்தக் கட்டில்ல உக்காந்துதான் சொன்னார். மூச்சு வாங்க வாங்க, வரி வரியாச் சொன்னார்.

— சொன்னாரு. நான் தண்ணி பிடிக்கப் போயிட்டு வாசல்லயேதேன் நின்னேன். கேட்டேன்.

— பெறகென்ன?

— அதுல ஒண்ணு தப்பா இருக்குன்னேன்ல, அது என்னன்னு நீங்க கேக்கவே இல்ல.

— சரி, சொல்லுங்க. உலகமே கொண்டாடுற முடிவுல நீங்க என்ன தப்பக் கண்டுபிடிச்சீங்க?

— ஒரு மணி நேரம் கெடையாது. அரமணி நேரம்.

— டைரக்டர் சொன்னத நீங்க திருத்துறீங்களா மதினி? நல்லா இருக்கு. நாளைக்கு பைபிளயும் திருத்துவீங்க போல.

— ஒரு மணி நேரமெல்லாம் யாரு குடுத்தா? ஆஸ்பத்திரியில அவருக்கு ஒடம்பத் தொடச்சு விட்டுட்டு, சாயந்தரம் டவுன் பஸ் ஏறுவேன். பேகம்பூருல எறங்கணும். எறங்குனா வீட்டு வாசல்லயே உங்கம்மா நிப்பாக. ரெண்டு பிள்ளைக நிக்கும். டைப்ரைட்டிங் முடிச்சுட்டு நீங்க வந்து, ‘என்ன மதினி, சோத்துக்கு இன்னும் வெஞ்சனம் வைக்கலயா?’ம்பீங்க.

— நான் அப்படியா...

— தப்பா சொல்லல தம்பி. பசிச்சா கேக்கத்தான செய்வாக. ஆனா நான் மணிக்கூண்டுலயே எறங்கிருவேன். மிச்சத் தூரம் நடந்து வருவேன். சாமான் வாங்க மாட்டேன், யாரையும் பாக்க மாட்டேன். பராக்குப் பாத்துக்கிட்டே அரமணி நேரம் நடப்பேன். அங்கிட்டு அவரு இருமுறது கேக்காது, இங்கிட்டு இவுக கூப்புடுறது கேக்காது. ‘மருமக பஸ்ஸு கெடைக்கலன்னு பொய் சொல்றா’ன்னு உங்கம்மா தெனம் வைவாக. நெசந்தேன், பொய்தேன் சொன்னேன்.

— மதினி, நீங்க என்ன சொல்ல வர்றீங்க?

— ரெண்டு வாரமா உரத்தப் பாத்துட்டு உங்கண்ணன் சோறு எறங்காமக் கெடந்தாரு. ‘அவ ஏன் லூர்து அங்க எறங்குறா, எனக்குத் தெரியாமயே போயிருவேன் போலயே’ன்னு பிள்ள மாதிரி அழுதாரு. எனக்குத் தாங்கல. ‘அவ ஏன் எறங்குறான்னு எனக்குத் தெரியும், நான் சொல்றேன் கேளுங்க’ன்னேன். அந்த ஆளு இல்லாத வளைவ, பாறைய, செருப்பக் கழட்டுறத, எல்லாத்தையும் கஞ்சி குடுத்துக்கிட்டே சொன்னேன். ஒரு கிண்ணம் கஞ்சியும் உள்ள போச்சு. முடிச்சதும் என்னையவே பாத்தாரு. ‘மணிக்கூண்டா?’ன்னாரு. ஆமான்னேன். கையப் பிடிச்சுக்கிட்டாரு. மறுநா நீங்க வந்தப்பதேன் அத ஒரு மணி நேரமாக்கிச் சொன்னாரு. அவரு எனக்குன்னு அரமணி நேரம் கூடுதலாக் குடுத்துட்டுப் போனாரு தம்பி.

— இல்ல. இருக்காது. நீங்க ஏதோ கொழப்பிக்கிறீங்க. மெட்ராஸ்ல பேராசிரியர் எல்லாம்... உலகத் தரம் மதினி அது! நீங்க சொல்லிருந்தா, லூர்து சொன்னான்னே என்கிட்ட சொல்லிருப்பாரே. எதுக்கு டைரக்டர், ஜங்ஷன், டீன்னு என் கூடப் பெறந்தவர் இம்புட்டுப் பெரிய பொய்யச் சொல்லணும்?

— நானும் அதத்தேன் கேட்டேன். ‘கத நல்லா இருக்கு லூர்து, அத அவன் ரசிக்கணும், நீ சொன்னன்னு சொன்னா என் தம்பி சிரிப்பான்’னாரு.