ஓம் விதியும் ஒரு வளைந்த கோடும்

வைகாசித் திருவிழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் பெரியவர் ராஜாங்கம் ஐயா அவர்களே! வரிசை வரிசையாய் வந்தமர்ந்த வணக்கத்திற்குரிய பெரியோர்களே! பொங்கல் வைத்த களைப்போடும் புன்னகை மாறாத தாய்மார்களே! மேடைக்கு அடியில் தூங்கிவிட்ட மாணவச் செல்வங்களே! கூட்டேரிப்பட்டு அஸ்வினியின் வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். நோட்டீஸில் ‘ஓம் விதி: ஆன்மிகச் சொற்பொழிவு’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். தலைப்பு நான் கொடுத்ததுதான். ஆனால் இந்த ஓம் மந்திரம் அன்று. ஜெர்மனியில் பிறந்த மனிதர். இந்த விதி தலையெழுத்தும் அன்று, மின்சாரக் கணக்கு. கைகூப்பியவர்கள் கையை இறக்கிக்கொள்ளலாம்.

“அப்ப பிரசங்கம் கெடையாதா பாப்பா?” என்று முன்வரிசையில் சூர்யகலா அத்தை கேட்கிறார். இருக்கிறது அத்தை. சுண்டலும் இருக்கிறது, முடிந்த பிறகு.

மின்னழுத்தம் என்பது தள்ளுவது. மின்னோட்டம் என்பது ஓடுவது. அழுத்தம் இருமடங்கானால் ஓட்டமும் இருமடங்கு. அழுத்தம் மும்மடங்கானால் ஓட்டமும் மும்மடங்கு. வரைந்தால் நேர்கோடு. இதுதான் ஓம் விதி. எல்லாப் பொருளும் இதற்கு அடங்குமா? அடங்கித்தான் ஆக வேண்டுமா?

இஸ்திரிப் பெட்டிக்குள் சூடேறும் நிக்ரோம் கம்பி அடங்கும். அது நம் தலைவர் ஐயாவைப் போல. எவ்வளவு நேரம் கொடுத்தாலும் அதே விகிதத்தில் பேசுவார். ஐயா சிரிக்கிறார், நன்றி.

டார்ச் பல்பு அடங்காது. என் தோழி புனிதா அதை அளந்து வரைந்தாள், கோடு வளைந்தது. திண்டிவனம் அறிவியல் கண்காட்சியில் நடுவர் பார்த்தார். “இன்னாம்மா, ஸ்கேல் இல்லியா? ஓம் விதின்னா நேராத்தான் இருக்கணும். அழிச்சிட்டு ஜல்தியா நேரா போடு, பரிசு குடுத்து விழுப்புரம் மாவட்டப் போட்டிக்கு அனுப்புறேன்.”

“பல்பு அப்படித்தான் சார் காட்டுச்சி. நான் இன்னா பண்றது?” என்றாள் புனிதா.

விழுப்புரத்துக்கு வேறொருவர் போனார்.

அவையோரே, பல்புக்குள் இருக்கும் இழை சூடேறச் சூடேற அதன் தடையும் ஏறுகிறது. அழுத்தத்தைக் கூட்டினாலும் ஓட்டம் அதே அளவு கூடுவதில்லை. ஆகவே வளைந்த கோடே உண்மைக் கோடு!

அதோ கடைசி வரிசையில், கூட்டுரோட்டில் மல்லாட்டைக் கடலை வறுத்து விற்கும் தாண்டவராயன் மாமா நிற்கிறார். புனிதாவின் அப்பா. நாளை பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை. “ஒரு கோடு நேரா போடத் தெர்ல, இவளுக்கு இன்னாத்துக்கு சயின்ஸ் குரூப்பு?” என்று முடிவு செய்துவிட்டார்.

மாமா, மூன்றாவது பொருள் எல்.இ.டி. விளக்கு. கொஞ்சம் அழுத்தம் கொடுத்தால் அசையாது. இன்னும் கொஞ்சம் கொடுத்தாலும் அசையாது. ஓர் எல்லையைத் தாண்டினால் சட்டென்று மின்னோட்டம் பாயும். புனிதா கேட்டாள், நீங்கள் அசையவில்லை. ஆசிரியை கேட்டார், அசையவில்லை. இப்போது நான் மைக்கில் கேட்கிறேன். கோட்டை நேராக்கியிருந்தால் அவளுக்குப் பரிசு, ஆக்கவில்லை. கோடு வளைந்தது, மாமா. உங்கள் மகள் வளைந்தாளா? பரிசுக்காக வளைந்தாளா? பயந்து வளைந்தாளா? அறிவியலுக்கு வேண்டியது நேரான கோடா, நேரான ஆளா?

கைதட்டாதீர்கள். மாமா ஏதோ சொல்கிறார்.

“ஏய், மொதல்ல அந்த மைக்க நிறுத்து! ஊரே என்னியே பார்த்துக்கினு கீது. சயின்ஸுலயே சேந்துக்கட்டும், போ!”

எல்.இ.டி. விளக்கு எரியத் தொடங்கிவிட்டது.

பக்தி எதிர்பார்த்து வந்து, பாடத்தைப் பொறுத்துக்கொண்ட அனைவருக்கும் நன்றி. சுண்டல் மேடைக்கு இடப்புறம். வணக்கம்.