ராசப்பன் தலையாட்டவில்லை

எனக்குச் சத்தம் ஒத்துக்கொள்ளாது, சார். வீட்டில் மிக்ஸி ஓடினால்கூட வாசலில் போய் நின்றுகொள்வேன். இதை முதலில் சொல்வதற்குக் காரணம், கோபத்தில் செய்தேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. எனக்குக் கோபமே வராது.

பெயர் சபரிநாதன். ஊர் சேந்தமங்கலம். சேலத்து ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷமாக எக்மோ இயந்திரம் ஓட்டுகிறேன். உடம்பிலிருந்து ஒரு குழாயில் ரத்தத்தை எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, இன்னொரு குழாயில் திருப்பி அனுப்பும். அதுவரை இதயமும் நுரையீரலும் லீவு எடுத்துக்கொள்ளலாம்.

எருமப்பட்டி ராசப்பன் கல்லீரல் மாற்ற வந்தார். ஐம்பத்தெட்டு வயது, நாலு கோழிப்பண்ணை. வந்த அன்றே வார்டு முழுக்க அவர் குரல்தான். இட்லி ஆறிவிட்டதென்று தட்டைச் சுவரில் எறிந்தார். சம்சாரம் வசந்தாமணி குனிந்து பொறுக்கினார்.

அறுவைச் சிகிச்சையில், புது ஈரலுக்கு ரத்தத்தைத் திறந்துவிட்டதும் அவருடைய இதயம் நின்றுபோனது. அவசரமாக என் இயந்திரத்தில் இணைத்தோம். உயிர் தங்கியது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் வசந்தாமணி பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைத் தொட்டார். "ஏனுங்க, முப்பது வருசமாச் சொல்லோணும்னு இருந்தேன். எனக்குக் கோழி வாசமே புடிக்காதுங்க." சொல்லிவிட்டுக் காத்திருந்தார். தட்டு எதுவும் பறக்கவில்லை. அந்த அம்மா முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

அடுத்து மகள் யுவஸ்ரீ வந்தாள். "அப்பா, நான் அன்பரசுவத்தான் கட்டிக்கப் போறேன். வேண்டாம்னா தலைய ஆட்டுங்க." அவள் அம்மா கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிஷம் எண்ணினார். "அப்பாவுக்குச் சம்மதம்தான் கண்ணு" என்றார். யுவஸ்ரீ என்னிடம் திரும்பினாள். "நீங்களும் பாத்தீங்கள்ல அண்ணா?"

பார்த்தேன் என்றேன். பொய்யில்லை. மயக்க மருந்தில் கிடப்பவர் தலையாட்ட முடியுமா என்று அவள் கேட்கவில்லை.

தம்பி கண்ணுசாமி பதினோரு வருஷமாக அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாதவர். அவரும் வந்து நின்றார். "அண்ணா, கெணத்துத் தண்ணி பாதிப்பாதி. ஆகாதுன்னா கண்ணத் தொறந்து பாருங்க." கண் உலராமலிருக்க நாங்கள் பிளாஸ்திரி ஒட்டியிருந்தோம். கண்ணுசாமி கட்டிலைக் கும்பிட்டுவிட்டுப் போனார். பிறகு பண்ணை ஆட்கள் வந்து ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டார்கள். அதுவும் கிடைத்தது.

மூன்றாம் நாள் காலை டாக்டர் அனிதா இயந்திரத்தின் வேகத்தைக் குறைக்கச் சொன்னார். குறைத்தேன். இதயம் அழகாகத் தானே அடித்தது. நுரையீரலும் சுத்தம். "சாயங்காலம் இன்னொரு தடவை பாத்துட்டு எடுத்துடலாம் சபரி" என்றார்.

சாயங்காலம் வராந்தாவில் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வசந்தாமணி எதற்கோ சிரித்தார். இவர் எழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், சார். நான் யோசித்தேன். பரிசோதனை நேரத்தில் இயந்திரத்துக்கு ஆக்சிஜன் போகும் குமிழைக் கொஞ்சம் திருகினேன். திரையில் ரத்த ஆக்சிஜன் எண் இறங்கியது.

"நுரையீரல் இன்னும் தயாராகலையோ?" என்றார் டாக்டர்.

"அவசரம் வேண்டாங்க மேடம்" என்றேன்.

ஒருநாள் போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் மறுநாள் கிணற்றுப் பத்திரம் எழுத வேண்டியிருந்தது. அதன்பின் அன்பரசு வீட்டார் நிச்சயத்துக்குப் புதன்கிழமை குறித்தார்கள். ஒவ்வொரு பரிசோதனையிலும் என் கை அந்தக் குமிழுக்குப் போய்வந்தது.

ஆறாம் நாள் மயக்கம் லேசாகி, அவர் விரல் கட்டில் கம்பியைத் தட்டியது. டொக், டொக் என்று. நிறுத்தவேயில்லை. அதில் எனக்குப் பழைய குரல் கேட்டது. வலியில் துடிக்கிறார் என்று நர்ஸ் சித்ராவிடம் சொன்னேன். மருந்தைக் கூட்டினார்கள். விரல் படுத்துக்கொண்டது.

குழாயில் ரத்தம் உறையாமலிருக்க மருந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும். நாள் கூடக்கூட உடம்பில் எங்காவது ரத்தம் கசியும், முக்கியமாக மூளையில். இது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். பயிற்சிக்கு வருபவர்களுக்கு இந்தப் பாடம் எடுப்பதே நான்தான்.

பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, ஒரு கண்மணி விரிந்திருந்தது, மூளையில் கசிந்துவிட்டது. மதியம் எல்லாம் முடிந்துவிட்டது. ஒருநாள் முன்னால் போய்விட்டார். நிச்சயத்தைத் தள்ளிவைத்தார்கள், எனக்கு அதுதான் வருத்தம்.

வசந்தாமணி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "கடைசி வரைக்கும் பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டீங்க தம்பி." அந்த அம்மாவிடம் நீங்கள் இதையெல்லாம் சொல்லப் போகிறீர்களா? அவசியமா, சார்?

கேமராவில் குமிழைத் திருகும் கை என்னுடையதுதான். ஒவ்வொரு நாளும் என்னுடையதுதான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொன்றேன் என்கிறீர்களே, அந்த வார்த்தை பொருந்தவில்லை. அவரைப் பத்து நாள் உயிரோடு வைத்திருந்தேன். அவருக்குத் தேவைப்பட்டது மூன்று நாள்தான். மீதி ஏழும் நானாகக் கொடுத்தது.