அம்மை இறங்கிய பிறகு

“…தட்டம்மை இறங்கிடுச்சுன்னு தலைக்குத் தண்ணி ஊத்தி, பக்கத்து வீட்டுக்கெல்லாம் பாயாசம் கொடுத்தேன்க்கா. அதுக்கப்புறம்தான் மகன் போயிட்டான்.”

பட்டர்வொர்த்திலிருந்து வந்த பெர்ரிப் படகில், என் எதிரே இருந்த இளம்பெண் சொன்னாள். பக்கத்தில் மடியில் குழந்தையோடு இருந்தவள் திகைத்துப்போனாள்.

“அம்மைதான் போயிடுச்சே, தங்கச்சி!”

“போகும்போது உடம்புல இருந்த எதிர்ப்புச் சக்தியையும் கொண்டு போயிடுமாம். டாக்டர் சொன்னாரு. கொஞ்ச நாள்ல நெஞ்சுல சளி கட்டிச்சு. பிள்ளை தாங்கல.”

“நான் இந்தப் பிள்ளையோட கிளினிக்குக்குத்தான் கிளம்பினேன். அம்மை ஊசி போட்டா காய்ச்சல் வரும்னாங்க. பேசாம பாசாருக்குப் போய் காய்கறி வாங்கிட்டுத் திரும்பிடலாமான்னு பாக்கறேன்லா.”

“காய்ச்சல் வந்தா போயிடும்க்கா. எம்மவனுக்கு அந்த ஊசி போடல.”

பெர்ரி படகுத்துறை ஜெட்டியில் முட்டி நின்றது. மகனை இழந்த அந்த இளம்பெண் அக்காவின் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கிளினிக் பக்கம் முன்னே நடந்தாள்.