இழுத்தான்

நான் பேப்பர் படிக்கிறவன் இல்லை மா, நிறுக்கிறவன். பழைய பேப்பர் லோரியில் கிள்ளான், பூச்சோங், சுபாங் ஜெயா என்று தெருத் தெருவாகப் போய்க் கட்டுக் கட்டாக ஏற்றியவன். உண்மை அச்சடித்த பேப்பரும் பொய் அச்சடித்த பேப்பரும் தராசில் ஒரே கனம்தான். செய்தியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவே. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அதற்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை.

போனை மேசைமேல் வை, பதிவாகட்டும். கிள்ளானிலிருந்து ரயிலேறி, இந்த பிரிக்பீல்ட்ஸில் உன் செய்தி ஆபீஸ் மாடிப்படி ஏறி வந்ததில் மூச்சு வாங்குகிறது. தே தாரிக் டீ வாங்கிவரச் சொல்லாதே, தண்ணீர் போதும். தாரிக் என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது எனக்கு டீ வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. போன தடவை நீ கேட்டாய், சொன்னேன். இந்தத் தடவை கேட்காமலே சொல்கிறேன்.

எங்கள் கம்பத்துக் குடியிருப்பை நீ பார்த்திருக்கிறாய். தண்டவாளத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் கிடக்கிறது. மாற்று வீடு தருகிறோம் தருகிறோம் என்று சொன்ன, நிலத்தை வாங்கிய கம்பெனிக்காரன் கடைசியில் புல்டோசரைத்தான் அனுப்பினான். ஜனம் எழுந்துவிட்டது. பெண்கள் நடுரோட்டில் அடுப்பு மூட்டி உட்கார்ந்தார்கள். மாரியம்மன் கோயில் மணி அடித்தால் ஆண்கள் ஓடிவந்து புல்டோசருக்கு முன்னால் படுப்பார்கள். எங்களுக்குத் தலை மாதிரி நின்றவன் லோகன், சீதாலெட்சுமியின் ஒரே மகன். முரட்டுக் குரல், ஆனால் எவனாவது கல்லைத் தொட்டால் பிடரியில் ஒன்று போடுவான்.

"கை நீட்டுனா அவனுங்களுக்குத்தான் லாபம்லா. உக்காரு."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஆனால் ஒரு கேமராவும் வரவில்லை. நான் உனக்குப் போன் போட்டேன், ஞாபகம் இருக்கிறதா?

"ஏதாச்சும் நடந்தா கூப்பிடுங்க அங்கிள்" என்றாய்.

"இவ்ளோ ஜனம் ரோட்டுல கிடக்குதே மா, இது நடக்கலியா?"

"சும்மா உக்காந்திருக்கிறதை யாரு பாப்பாங்க அங்கிள்?"

உன்னைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. நீ உன் தொழிலைச் சொன்னாய். நான்தான் அதை மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். பார்க்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்றால், புகையை விட நல்லது எது?

வெள்ளிக்கிழமை மதியம். முன்ரோட்டில் போலீசுக்கும் எங்கள் ஆட்களுக்கும் தள்ளுமுள்ளு. நான் பின்பக்கமாகப் போனேன். அங்கே கம்பெனிக்காரனின் பலகைக் கேபின், பக்கத்திலேயே புல்டோசருக்கான டீசல் டிரம். வீட்டிலிருந்து ஒரு கட்டுப் பழைய பேப்பர் கொண்டுபோயிருந்தேன். பேப்பர் கட்டாக இருந்தால் புகையும், பிரித்துப் போட்டால் எரியும். இது என் தொழில், எனக்குத் தெரியும். பிரித்து, டீசலில் நனைத்து, கேபினுக்கு அடியில் செருகிப் பற்றவைத்தேன்.

கேபினுக்குள் நேப்பாளி ஜாகா தூங்கிக்கொண்டிருந்தான். இரவெல்லாம் காவல் இருப்பவன், பகலில்தான் படுப்பான். கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியாது.

புகையைப் பார்த்து முதலில் ஓடிவந்தவன் லோகன். கதவை உதைத்துத் திறந்து உள்ளே போனான். அந்த ஆளின் இரண்டு கையையும் பிடித்து வெளியே இழுத்துப் புல்மேல் போட்டான். போட்டும் பயனில்லை, உயிர் போய்விட்டது. லோகனுக்கு முழங்கை வரைக்கும் வெந்துபோனது. நான் வாழைமரத்துக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். போய்த் தண்ணீர் ஊற்றக்கூட இல்லை.

அதன் பிறகு கேமரா வந்தது. ஒன்று இல்லை, வரிசையாக. முதலில் வந்தவள் நீ. லோகனை ஏற்கெனவே விலங்கு மாட்டி உட்காரவைத்திருந்தார்கள்.

"நீங்க என்ன பாத்தீங்க அங்கிள்?"

"லோகன் அந்த ஆளை இழுத்தான்" என்றேன்.

'வெளியே' என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. உன் தோளுக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரர் நின்று என் கையையே பார்த்தார். கையில் டீசல் வாடை. அந்த ஒரு சொல்லை விழுங்கிவிட்டேன்.

"நெருப்புப் பக்கமா இழுத்தாரா?"

"இழுத்தான் மா. என் கண்ணால பாத்தேன்."

அன்று சாயங்காலம் உன் செய்தியைக் கம்பமே பார்த்தது. பேப்பர்காரனும் டிவிக்காரனும் பொய்யனுங்க என்று வாழ்நாள் முழுக்க ஏசியவன் நான். நீ என் பேச்சில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. மலாய்ச் செய்தியில் 'தாரிக்' என்று போட்டார்கள். அதுவும் இழுத்தான்தான், சரியான சொல்தான். போலீசில் லோகனும் 'சாயா தாரிக்', நான் இழுத்தேன், என்றுதான் சொன்னானாம். வெளியே இழுத்தேன் என்று முழுசாகத்தான் சொல்லியிருப்பான், பாவம். கை வெந்தவன்தான் கொளுத்தியவன் என்று ஊர் அதற்குள் முடிவு கட்டிவிட்டது.

சீதாலெட்சுமி மட்டும் அப்படி முடிவு கட்டவில்லை. நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"நியூஸ்காரன் ஆயிரம் சொல்லுவான் அண்ணே. நீங்க கோயிலுக்கு வந்து கற்பூரம் அடிச்சுச் சொல்லுங்க. அப்ப நம்புறேன்."

போனேன். மாரியம்மன் சந்நிதியில் தட்டில் கற்பூரம் எரிந்தது. லோகன் அந்த ஆளை இழுத்ததை என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். அதில் பொய் எங்கே இருக்கிறது? ஒரு சின்னக் கொப்புளம் வந்தது, சீக்கிரம் ஆறிவிட்டது.

அன்றோடு அவள் சுங்கை பூலோ சிறைக்கு மகனைப் பார்க்கப் போவதை நிறுத்திவிட்டாள். அம்மா ஏன் வரவில்லை என்று அவன் வக்கீலிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறானாம். "கேமரா முன்னால எவனும் பேசுவான், கற்பூரத்துக்கு முன்னால பேசுனவரு நாகையா அண்ணன்" என்று ஊரெல்லாம் சொல்கிறாள். நான் தனியாள் என்று காலையில் கஞ்சி கொண்டுவந்து வைக்கிறாள்.

நேற்றும் கொண்டுவந்தாள். கிண்ணத்தை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"லோகன் அப்பா படத்துக்குப் பக்கத்துல அவன் படத்தையும் மாட்டிட்டேன் அண்ணே. மாலை போட்டு."

உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு. கஞ்சியைக் குடித்தேன். உப்பு சரியாக இருந்தது. அப்புறம் கிண்ணத்தைக் கழுவினேன், கையைக் கழுவினேன், மறுபடியும் கழுவினேன். அவள் முகத்தை இனி எந்தக் கண்ணால் பார்ப்பது? அதனால்தான் விடிந்ததும் ரயிலேறினேன். கேஸ் விசாரணைக்கு வரப்போகிறது. கொலைக் கேஸ். 'வெளியே' என்ற சொல்லை இப்போது சொல்கிறேன், எடுத்துக்கொள். லோகன் அவனை வெளியே இழுத்தான். கொளுத்தியவன் நான்.

உள்ளே ஆள் இருந்தது தெரியுமா என்று கேட்கத்தானே வாயைத் திறக்கிறாய்? வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேள். அவன் தரையில் விரித்துப் படுக்கிற அட்டை நான் கொடுத்தது. தினமும் லோரியைப் பார்த்தால் சலாம் வைப்பான். அன்றைக்கு அவனுடைய சிலிப்பர் வாசலில் ஜோடியாக இருந்தது. அலறிக்கொண்டு எழுந்து ஓடிவருவான், உங்கள் படத்துக்கு அது நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். புதுச் சிலிப்பர், கருகிவிடக் கூடாதே என்று அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுத்தான் பேப்பரைச் செருகினேன்.

இதையெல்லாம் எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள் மா. நாகையா கற்பூரத்தின்மேல் பொய் சொன்னான் என்று மட்டும் போட்டுவிடாதே.