கார்வர் ஜெயிக்கணும்

– கார்வர் கோல் போட்டா நீ எதுக்குடி கை தட்டுற?

– தட்டலம்மா.

– தட்டின. அடுப்புகிட்ட நின்னாலும் எனக்குக் காது கேக்கும். மாரிட், காலைல நீதானே சொன்ன, இந்த ஐஸ் ஹாக்கி ஆட்டத்துல வெல்டன் காலேஜ் ஜெயிச்சாத்தான் உன் தம்பி காலேஜ் டீமுக்குத் தேசியப் போட்டியில இடம்னு?

– ஆமா.

– அப்போ யாருக்குத் தட்டணும், கணக்கு டீச்சர்?

– வெல்டனுக்கு.

– இன்னொரு வாட்டி விளக்கு. ரெண்டு பேருமே நம்ம லீக் இல்ல. அவங்க ஃபைனல்ல யார் ஜெயிச்சா நமக்கு என்ன வந்துச்சு?

– மொத்தம் பதினாறு டீம்தான் எடுப்பாங்க. லீக் சாம்பியன்னா நேரா உள்ள. மிச்ச இடம் தரவரிசைப்படி. வெல்டன் தோத்தாலும் தரவரிசையை வெச்சு உள்ள வந்துடும். கார்வர் ஜெயிச்சாத்தான் வரும். அது வந்தா, வரிசையில கடைசியா இருக்கிறவங்க வெளிய போகணும்.

– கடைசியா இருக்கிறது நம்ம ரீனோவோட டீம்.

– ஆமா.

– யார் உள்ள, யார் வெளியன்னு நீ கணிச்சுப் போடுற வலைப்பக்கத்தை ஊரே பாத்துட்டு உக்காந்திருக்கு. மளிகைக் கடையில லோயிஸ் என் வண்டியை மறிச்சுக் கேக்குறா, உங்க பொண்ணு இந்த வாரம் என்ன போட்டிருக்கான்னு. நீ என்னடான்னா இங்க கார்வருக்குக் கொடி பிடிக்கிற. சரி, நம்மளை எங்க போட்டிருக்க?

– ஃபார்கோ ஊர்ல நடக்கிற முதல் சுற்றுல. கடைசியா வர்றவங்களை முதல்ல இருக்கிறவங்களோடதான் மோத விடுவாங்க.

– முதல்ல யாரு?

– கிரான்பி. ஒரே லீக்கா இருந்தா முதல் சுற்றுல மோத விடமாட்டாங்க. கிரான்பி வேற லீக். தப்பிக்க வழியே இல்ல.

– கிரான்பியா? டிசம்பர்ல ரீனோவை ஓரப் பலகையில இடிச்சுத் தள்ளினானே ஒரு மாடு...

– அவன் டீம்தான். இன்னும் ஆடுறான்.

– ஆடட்டும். நம்ம பையன் எழுந்து நின்னான்ல?

– நின்னான். நின்னுட்டு, அவங்க பெஞ்சுல போய் உக்காரப் பாத்தான்.

– அது தமாஷுக்கு. அரங்கமே சிரிச்சுது.

– நானும் சிரிச்சேன்மா.

– பாரு, பாரு! வெல்டன் சமன் பண்ணிட்டான்! இனி கூடுதல் நேரம்தான். யார் முதல்ல ஒரு கோல் போட்டாலும் முடிஞ்சுது.

– அம்மா, சத்தத்தைக் கொஞ்சம் குறை.

– இப்பவா?

– ரீனோவுக்குத் தலையில பட்ட அந்த அடி சரியாகவே இல்ல. வெளிச்சம் பட்டா வாந்தி எடுக்கிறான். போன மாசம் அதே இடத்துல இன்னொரு அடி. என்கிட்ட மட்டும்தான் சொன்னான்.

– டாக்டர் சோதிச்சுட்டு ஆடலாம்னு சொன்னாரே! அந்தக் கம்ப்யூட்டர் பரிட்சை, ஞாபகசக்தி பாக்குறது. அதுல பாஸ்னு சொன்னான் என்கிட்ட.

– அதுல பாஸ் ஃபெயில் கிடையாதும்மா. சீசன் ஆரம்பிக்கும்போது ஒரு தடவை வெப்பாங்க. அடிபட்டதும் இன்னொரு தடவை. ரெண்டுக்கும் வித்தியாசம் இருந்தா உக்கார வெச்சிடுவாங்க. இவன் முதல் தடவையே வேணும்னு தப்புத் தப்பாப் போட்டிருக்கான். பின்னால அடிபட்டாலும் வித்தியாசம் தெரியாதுல்ல.

– அட கடவுளே. அவனா யோசிச்சான்?

– டீம்ல பாதிப் பேர் அப்படித்தான் பண்ணுவாங்களாம். சிரிச்சுக்கிட்டே சொன்னான்.

– உன்கிட்ட எப்போ சொன்னான்?

– ஜனவரில. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டான்.

– ஜனவரியிலயே தெரிஞ்சு வாயைத் திறக்கல. இப்போ இங்க உக்காந்து கார்வருக்குக் கை தட்டுற.

– நான் காட்டிக் கொடுத்ததா இருக்க வேண்டாம்னு பாத்தேன். இடம் கிடைக்கலேன்னா சீசன் தானா முடிஞ்சுடும். அவனுக்கு இது கடைசி வருஷம். யார் மேலயும் கோபம் இருக்காது.

– ஒரே ஒரு ஆட்டம்டி மாரிட். செயின்ட் பால்ல இருக்கிற பெரிய தொழில்முறை டீம்லருந்து அவனைப் பாக்க ஆள் வர்றாங்க. ஒப்பந்தம் மட்டும் கைக்கு வந்துட்டா, நல்ல டாக்டரா அவங்களே பாத்துக்குவாங்க.

– இன்னொரு அடி பட்டா?

– படாது. அந்த மாடு வந்தா விலகிக்கச் சொல்லுவோம்.

– அம்மா.

– பின்ன என்னடி பண்ணச் சொல்ற? உங்கப்பா பின்னாலயே இரும்புச் சுரங்கத்துக்கு அனுப்பவா? அந்த மனுஷன் காரிலேருந்து வாசல் வரைக்கும் வர்றதுக்குள்ள ரெண்டு தடவை நிக்கிறாரு. பாக்குறியா இல்லையா?

– சுரங்கத்துல வேலை பாக்கக்கூடத் தலை வேணும்மா.

– வாயைக் கழுவு.

– சரி.

– கோபத்துல சொல்லிட்டேன். வந்து உக்காரு. ஆட்டத்தைப் பாரு... அய்யோ, வெல்டன் பையன் தனியாப் போறான்! போடு, போடுடா... போட்டுட்டான்! மாரிட்! உள்ளயா? நாம உள்ளயா?

– உள்ளதான்.

– சிரிக்கவாவது செய்யேன்.

– நீ சிரிம்மா.

– எனக்கும் வரல. உன் ஃபோன் அடிக்குது பாரு. அவன்தான். ஸ்பீக்கர்ல போடு. இந்தப் பேச்செல்லாம் இப்போ எடுக்காத, கேட்டியா? இன்னிக்கு ஒரு நாள் சந்தோஷமா இருக்கட்டும்.

– ஹலோ, ரீனோ.

– ஏய் ஜோசியக்காரி! யார் ஜெயிச்சா? சீக்கிரம் சொல்லு, நான் டிவி போடல, கண்ணு கூசுது.

– வெல்டன்.

– அப்போ நாம உள்ள!

– உள்ள.

– அப்படிப் போடு! அம்மா பக்கத்துலயா?

– இருக்கேன் கண்ணு. சாப்பிட்டியா?

– சாப்பிட்டேன். சாப்பிட்டேன்னுதான் நினைக்கிறேன். அங்க என்ன?

– ஹாட்டிஷ். மேல உருளைக்கிழங்கு நிறையப் போட்டு.

– ஓரத்துல கருகினது எனக்கு. அப்பாவுக்குக் குடுத்துடாதே.

– எடுத்து வெக்கிறேன்பா.

– ம்.

– ரீனோ? லைன்ல இருக்கியா?

– இருக்கேன், இருக்கேன். ஏய் ஜோசியக்காரி! யார் ஜெயிச்சா? சீக்கிரம் சொல்லு, நான் டிவி போடல, கண்ணு கூசுது.

– அம்மா...

– ஃபோனை இங்க குடு.

– அம்மா, அவன் இப்போதானே...

– கேட்டுட்டுதான் இருந்தேன். குடுடி. ரீனோ? கார்வர் ஜெயிச்சுட்டான் கண்ணு. எல்லாம் முடிஞ்சுது. வீட்டுக்கு வா.