‘உம்மோடும்’ என்று எப்படிச் சொல்வது?

வடமதுரையில் பஸ் இன்னும் கிளம்பவில்லை. அதற்குள் முன் சீட்டுக்காரர் மனைவியிடம் சீறினார்.

“சாமியார மருவாதி இல்லாமப் பேசச் சொல்றியா? என்னால ஏலாது.”

“பூசையில பதில்தான சொல்லச் சொன்னேன். லத்தீன்ல இருந்தவரைக்கும் உபதேசியார் நமக்கும் சேத்துச் சொன்னாரு. இப்பத் தமிழாயிருச்சு. ‘ஆண்டவர் உங்களோடு இருப்பாராக’ன்னு சாமி கையை விரிச்சு நம்மளையே பாத்து நிக்கிறாரு. ஒருத்தரும் வாயத் தொறக்கல.”

“பதில்ல ‘உம்மோடும்’னுல்ல இருக்கு! மச்சினனையே ‘நீங்க’ன்னு கூப்புடுறவன் நான். சாமியப் போயி ‘உம்ம’ங்கவா?”

“அம்புட்டுப் பேரும் இப்படியே வாயப் பொத்திக்கிட்டா? இந்த ஊருக்குத் தன்னயப் பிடிக்கலன்னு நெனச்சு, மாத்தல் கேட்டு பிஷப் ஆண்டவருக்குக் கடுதாசி எழுதிட்டாராம். சாமிக்குச் சமைக்கிறவரு சொன்னாரு.”

அவர் எழுந்தார். உடனே உட்கார்ந்தார்.

“தபால்ல போட்டுட்டாரா?”

“ஞாயித்துக்கெழம பூசையப் பாத்துட்டுப் போடுவாராம்.”

ஜன்னல் கம்பியைப் பிடித்தார், விட்டார். பஸ் ஊரைத் தாண்டியது.

“சரி, நீ சாமி மாதிரி சொல்லு.”

அந்த அம்மாள் சொன்னார். இவர் தொண்டையைச் செருமினார். “உம்மோடும்...”

“சத்தமா.”

திண்டுக்கல் வருவதற்குள் நாலு தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் சொன்னார்.